செஞ்சிக் கோட்டை: மலை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது?

1. மலையேறி எழுதியது:

போன சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு செஞ்சி போய் ராஜகிரி ஏறி வந்தேன். முழங்கால் வலி இன்னும் விடவில்லை. கல்லூரி நாட்களில் ஒருமுறை போயிருக்கிறேன், அப்போது போட்டோ எடுத்ததோடு சரி. இந்த முறை பையன் பாதி வழியில் நின்று கேட்டான்: "அப்பா, இதில் எது கட்டினது, எது முன்னாடியே இருந்தது?" சுவரைக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். எங்கே காட்டுவது? பாறை, அதன் மேல் கல், அந்தக் கல் போய் இன்னொரு பாறையில் முட்டுகிறது. எது மலை, எது மதில் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். மதிலில் பல இடங்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்தே கண்ணில் படவில்லை. கீழே கல்யாண மகாலுக்கு வந்தால் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். ஒரே கோட்டையில் ஏன் இரண்டு விதம்?

2025 ஜூலையில் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். ரோப் கார் போடணும், இடிந்ததையெல்லாம் எடுத்துக் கட்டணும், சுவருக்குப் புதுசாகப் பூசணும், ராத்திரி விளக்குப் போடணும். எனக்கு இதில் ஏதோ இடிக்கிறது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. செஞ்சிக்காரன் எழுதியது:

உங்கள் பையனுக்கு நல்ல கண். நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்து பல வருடம் கழித்துத்தான் அந்தக் கேள்விக்கு வந்தோம்.

முதலில் மொத்த அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்று மூன்று குன்று. இந்த மூன்றையும் கோர்த்து முக்கோணமாக மதில் ஓடுகிறது. எல்லாச் சுவரையும் சேர்த்தால் 13 கிலோமீட்டர், உள்ளே அடங்கும் நிலம் 11 சதுர கிலோமீட்டர் என்பார்கள். சமவெளியில் மதில் மிகவும் தடித்திருக்கும், வெளியே சுமார் 80 அடி அகலத்துக்கு அகழி. குன்று நெருங்க நெருங்கச் சுவர் மெலியும். செங்குத்துப் பாறை வந்துவிட்டால் சுவரே இருக்காது. எதற்குக் கட்டணும்? அங்கே மலையே காவல். இரண்டு உருண்டைப் பாறைக்கு நடுவே ஆள் நுழையும் அளவு சந்து இருந்தால், அந்தச் சந்தை மட்டும் கல் வைத்து அடைத்திருப்பார்கள். நீங்கள் எதைக் காட்டுவது என்று தடுமாறியது இந்த இடத்தில்தான்.

ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஒரு பாலம் தாண்டினீர்கள் அல்லவா, அங்கே நின்று கீழே பார்த்தீர்களா? சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். உச்சிப் பாறையைத் தனியாகப் பிரித்து வைக்கும் பிளவு அது. அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழி கிடையாது. 800 அடி உயர மலையில் கடைசிக் கதவு ஒரு பள்ளம்! எனக்கு இந்தக் கோட்டையிலேயே பிடித்த கட்டடம் அந்தப் பள்ளம்தான். யாரும் கட்டாத கட்டடம்.

3. தூக்குக்குண்டு எழுதியது:

கட்டடப் பொறியியல் படித்தவன், பழைய கட்டடப் பழுது வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சாந்து கேள்விக்கு முதலில் வருகிறேன். கோட்டை மதில் வீட்டுச் சுவர் மாதிரி ஒரே கட்டு அல்ல. வெளிமுகத்துக்குச் செதுக்கிய பெரிய கல், நடுவில் மண்ணும் கல் சில்லும் கொட்டி இறுக்கிய நிரப்பு. குண்டு வந்து விழுந்தால் அடியை வாங்கிக்கொள்வது அந்த மண். பெரிய கல் தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும், அதற்குப் பசை தேவையில்லை. கல்யாண மகால், களஞ்சியம் போன்றவை வேறு இனம். அங்கே வளைவு, வளைகூரை, பல நிலை மாடம் எல்லாம் வருகின்றன. அதற்குச் சின்னச் செங்கல்லும் நல்ல சுண்ணாம்பும் இல்லாமல் முடியாது.

இப்போது பழுது. இந்த மாதிரி மதிலுக்கு எதிரி பீரங்கி இல்லை, தண்ணீர். மதிலின் தலையில் விரிசல் விட்டால் மழைத் தண்ணீர் நேராக நிரப்புக்குள் இறங்கும். மண் ஊறி உப்பும், எடை கூடும், வெளிமுகக் கல்லை மெல்ல வெளியே தள்ளும். கொத்தனார்கள் "சுவர் வயிறு தள்ளிவிட்டது" என்பார்கள். அந்த வயிறு பல வருடம் அப்படியே இருக்கும். அப்புறம் ஒரு பெருமழையில் பத்திருபது அடி நீளத்துக்குச் சரிந்துவிடும். பத்திரிகையில் "மழையால் சுவர் இடிந்தது" என்று போடுவார்கள். கடைசியாக வந்த மழையின் மேல் பழி. உண்மையில் முதல் விரிசல் விழுந்த அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது.

சாந்து இல்லாத முகத்தில் ஒரு நன்மை உண்டு. உள்ளே போன தண்ணீர் கல் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியே வந்துவிடும். நல்லது செய்வதாக நினைத்து இடுக்கையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீருக்கு வரும் வழி இருக்கிறது, போகும் வழி இல்லை.

4. நேர்பேச்சு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்த மாதிரி இழைகளில் எப்போதும் ஒரே பாட்டு: அதைத் தொடாதே, இதைத் தொடாதே. என் அம்மாவுக்கு 68 வயது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையைக் கூத்தில் கேட்டு வளர்ந்தவர். அந்த மலை உச்சியை ஒருமுறை பார்க்க ஆசை. ரோப் கார் வேண்டாம் என்கிறவர்கள் எல்லாம் நல்ல முழங்கால் உள்ளவர்கள்.

5. கொத்தனார்மகன் எழுதியது:

நேர்பேச்சு அண்ணனுக்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். நான் சிமென்ட் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் அப்பா சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசி தலைமுறை. சின்ன வயதில் நானும் கூட நின்றிருக்கிறேன். காளவாயில் சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டுத் தாளிக்கும்போது கொதிக்கும், பக்கத்தில் போனால் முகம் எரியும். தாளித்ததை உடனே எடுத்துப் பூச மாட்டார்கள், தண்ணீர் கட்டி நாள் கணக்கில் ஊறப் போடுவார்கள். அப்புறம் மணல் சேர்த்து அரைக்கணும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை விட்டு, கை விட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும் வரை அரைக்கணும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. அப்பா சொல்வார்: "சிமென்ட் ஒரே ராத்திரியில் கல்லாகும். சுண்ணாம்பு ஒரு தலைமுறைக்குக் கல்லாகிக்கொண்டே இருக்கும்." பிறகு தூக்குக்குண்டு மாதிரி ஒரு பொறியாளர்தான் எனக்கு விளக்கினார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு திரும்பச் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறதாம்.

ஓர் ஊரில், பெயர் வேண்டாம், பழைய செங்கல் மண்டபம் ஒன்று. பூச்சு உதிர்கிறது என்று நல்ல மனதோடு பணம் திரட்டி முழுக்கச் சிமென்ட் பூசினார்கள். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. முதல் வருடம் பளபளவென்று இருந்தது. இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் கீழே வெள்ளையாக உப்புப் பூத்தது. தட்டிப் பார்த்தால் டப் டப் என்று சத்தம். ஒரு நாள் பூச்சைப் பெயர்த்தார்கள். சிமென்ட் முட்டை ஓடு மாதிரி அப்படியே நிற்கிறது, பின்னால் இருந்த செங்கல் மாவாகிக் கொட்டுகிறது. ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே தின்றுவிட்டது. உதிர்வதுதான் சுண்ணாம்புப் பூச்சின் வேலை. அது உதிர்ந்து செங்கல்லைக் காப்பாற்றும். உதிர்ந்தால் திரும்பப் பூச வேண்டியதுதான்.

6. செஞ்சிக்காரன் எழுதியது:

நேர்பேச்சு, உங்கள் அம்மா பற்றிச் சொன்னது நியாயம். அதைத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் செஞ்சி என்றால் ராஜகிரி உச்சி என்று நாமே ஆக்கிவிட்டோம். எல்லோரும் வந்ததும் மூச்சிரைக்க மேலே ஓடுகிறார்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள் என்பதால் அவசரம் வேறு. கீழ்க்கோட்டையை யாரும் நின்று பார்ப்பதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கு வாருங்கள். கல்யாண மகால் போங்கள்: நடுவில் கூர்த்த முடியோடு மாடிக்கு மேல் மாடியாக எழும்பும் சதுரக் கோபுரம், சுற்றிலும் முற்றமும் அறைகளும். அதற்குத் தண்ணீர் சுடுமண் குழாயில் வந்தது. பக்கத்தில் குதிரை லாயம், கொஞ்சம் தள்ளிக் களஞ்சியம். களஞ்சியத்துக்குள் வெயில் நேரத்தில் நுழைந்து பாருங்கள், சுவர் தடிமனில் உள்ளே குளிர்ந்து கிடக்கும். அப்புறம் வெங்கடரமணர் கோயில், கோபுர வாசலில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்ததும் கல்லில் இருக்கின்றன. ஆற்காடு நவாப் சதத்துல்லா கான் மசூதி. செட்டிகுளம். தேசிங்கை எரித்த இடமும் அவர் மனைவி உடன்கட்டை ஏறிய இடமும் அந்தக் குளக்கரை என்பது எங்கள் ஊர் வழக்கு. கதை கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு உச்சியை விட அந்தக் கரை பெரிதாகத் தெரியலாம்.

இதற்குச் சமமான பாதை, உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், நல்ல கழிப்பறை, சக்கர நாற்காலி போகும் வழி. இவைதான் வேண்டும். ரோப் காருக்குத் தூண் நட வேண்டுமானால் பாறையைத் துளைக்கணும். அதோடு பட்டியலில் சேர்த்திருப்பது தனிக் கட்டடத்தை அல்ல, ராணுவ நிலவெளியை. மலையும் மதிலும் வானமும் சேர்ந்த அந்தக் காட்சிக்குள் கம்பி ஓடினால், எதற்காகப் பட்டியலில் சேர்த்தார்களோ அதையே அறுத்த மாதிரி.

7. நேர்பேச்சு எழுதியது:

கழிப்பறை என்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு நன்றி. ரோப் கார் விஷயத்தில் இன்னும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் கீழ்க்கோட்டைக்கு அழைத்து வருகிறேன்.

8. ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

எனக்கு வேறு ஆதங்கம். பட்டியலில் 12 கோட்டை: 11 மகாராஷ்டிரத்தில், செஞ்சி மட்டும் தமிழ்நாட்டில். தலைப்பு "இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலவெளிகள்". செஞ்சி மராட்டியர் கட்டியதா?

கோனார் மரபினர் தொடங்கினார்கள் என்பது மரபுக் கதை, கிருஷ்ணகிரிக்குப் பெயரே கிருஷ்ணக் கோனால் வந்தது என்பார்கள். பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள். இன்று நாம் பார்க்கும் பெரிய வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது. 1649இல் பிஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677இல்தான் சிவாஜி வருகிறார். அவர் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி 1689இல் இங்கே வந்து சேர, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டு, 1698இல் கோட்டை விழுந்தது. 1714இல் தேசிங்கு ஆற்காடு நவாபோடு போரிட்டு மாண்டார். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். பெயரே எத்தனை! பிஜப்பூர்க்காரர்களுக்கு பாதுஷாபாத், முகலாயருக்கு நுஸ்ரத்கர். இத்தனை பேர் வீட்டுக்கு ஒருவர் பெயரில் பட்டாவா?

9. தூக்குக்குண்டு எழுதியது:

தலைப்பைப் பார்த்தால் கோபம் வருவது புரிகிறது. ஆனால் அந்த வரிசையில் செஞ்சிக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. தலைநகர் ராய்கட் விழப்போகிற நேரத்தில் மராட்டிய அரசு ஓடி வந்து சுமார் எட்டு வருடம் உயிர் பிழைத்தது இந்த மலையில். முகலாயப் படை அவ்வளவு காலம் வாசலில் உட்கார்ந்திருந்தது. கட்டியவர் பெயரால் அல்ல, கோட்டை செய்த வேலையால் வந்த இடம் அது. சிவாஜியும் சும்மா பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. சுவரும் அகழியும் வலுப்படுத்தப் பெரும் வேலை நடந்ததாக அக்காலத்து ஏசு சபைப் பாதிரியார் கடிதங்களில் குறிப்பு இருக்கிறது.

பழைய கட்டடத்தைப் பாதுகாப்பதற்கு இதில் முக்கியமான பாடம் உண்டு. ஒரே மதிலில் நாயக்கர் கல், அதன்மேல் பிஜப்பூர் வேலை, மராட்டிய ஒட்டு, பீரங்கிக்காகப் பிரெஞ்சுக்காரர் செய்த மாற்றம் எல்லாம் ஏடு ஏடாக இருக்கும். "அசலை" வெளியே கொண்டு வருகிறேன் என்று மேலே இருப்பதை உரித்தால் அசலும் இருக்காது, மேலதும் இருக்காது. இடிந்ததை எடுத்துக் கட்டுவதிலும் இதே சிக்கல். எந்த வருடத்துக் கோட்டையாகக் கட்டுவீர்கள்? 1650ஆ, 1690ஆ, 1750ஆ? விழப்போவதை விழாமல் நிறுத்தலாம். விழுந்த கல் அங்கேயே கிடந்து, அதன் இடமும் நிச்சயமாகத் தெரிந்தால் திரும்ப ஏற்றலாம். கற்பனையில் கட்டினால் அது சினிமா செட்.

10. கடற்கரைச்சாலை எழுதியது:

புதுச்சேரியிலிருந்து. காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. வெங்கடரமணர் கோயில் தூண்கள் என்பார்கள். தினமும் மாலை அதன் அடியில் சுண்டல் தின்கிறோம், பாதிப் பேருக்குத் தெரியாது. இவற்றைத் திருப்பிக் கொடுப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

11. ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

கொடுத்துவிடுங்கள். எடுத்தது எடுத்ததுதான்.

12. தூக்குக்குண்டு எழுதியது:

என் கட்சி வேறு. பெயர்த்து எடுக்கும்போது ஒருமுறை அடிபட்ட கல். இன்னொருமுறை பெயர்த்து லாரியில் ஏற்றினால் உடையாது என்று யார் உத்தரவாதம் தருவது? கோயிலில் எந்த இடத்தில் நின்றது என்பது தெரியாமல் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது? அங்கேயே ஒரு நல்ல பலகை, செஞ்சியிலும் ஒரு பலகை வைத்தால் போதும் என்பேன். உப்புக்காற்றில் கல் என்ன ஆகிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், அது அவசியம்.

13. ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

பலகை வைத்தால் களவு கணக்குத் தீர்ந்ததா? சரி, இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இங்கே வேண்டாம்.

14. அகழியோரம் எழுதியது:

எல்லோரும் கல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவன் நான். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். 1958ஆம் வருடச் சட்டம், 2010இல் திருத்தினார்கள். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டணும். தாத்தா கட்டிய ஓட்டு வீடு, பையனுக்குக் கல்யாணம், மேலே ஓர் அறை போட வழியில்லை. சட்டம் எதற்கு என்று எனக்குப் புரிகிறது. இது இல்லையென்றால் அகழிக்குள்ளேயே கல்யாண மண்டபம் வந்திருக்கும். ஆனால் "பாரம்பரியம்" என்று நீங்கள் வந்து போட்டோ எடுத்துப் போகிறீர்கள், விலை நாங்கள் கொடுக்கிறோம். இதையும் யாராவது எழுதுங்கள்.

15. செஞ்சிக்காரன் எழுதியது:

அகழியோரம் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். கோட்டை வேலைக்குக் கூலியாள், வழிகாட்டி, கடை என்று எது வந்தாலும் முதல் உரிமை சுற்றியுள்ளவர்களுக்கு என்று ஆக்கினால் கொஞ்சமாவது ஈடாகும்.

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். என்னிடம் பணத்தைக் கொடுத்து என்ன செய்வாய் என்று கேட்டால், முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்ப்பேன். மதில் தலையில் விரிசலை நல்ல சுண்ணாம்பில் அடைப்பது, கூரைத் தளத்தில் குப்பை சேராமல் பார்ப்பது, அடைபட்ட தூம்புகளைத் திறப்பது. இதற்கு ரிப்பன் வெட்டும் விழா வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். மலைமேல் சுனைகள் இருக்கின்றன, அதில்தான் முற்றுகைக் காலத்தில் மேலே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கிருஷ்ணகிரியில் நெய்க்கும் எண்ணெய்க்கும்கூடக் கிணறு மாதிரித் தொட்டி உண்டு. இந்தக் கோட்டையின் மூளை சேமிப்பில் இருக்கிறது. இன்றைக்குச் சுனையில் எதைச் சேமிக்கிறோம்? தண்ணீர் பாட்டில்.

16. கொத்தனார்மகன் எழுதியது:

மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குருவி எச்சத்தில் வரும் ஆலங்கன்றும் அரசங்கன்றும். இரண்டு இலை விடும்போது கையால் எடுத்துவிடலாம். மணிக்கட்டுத் தடிமன் வந்த பிறகு பிடுங்கினால் கல்லும் கூடவே வரும், ஏனென்றால் அப்போது சுவரைப் பிடித்திருப்பது வேர். வெட்டி, வேர் திரும்பத் துளிர்க்காமல் சாகடித்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்தப் பொந்தைக் கல்லும் சுண்ணாம்புமாக நிரப்பணும். வருடம் ஒருமுறை நாலு ஆட்களை மதில் சுற்றி நடக்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

17. மலையேறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குடும்பக் குழுவில் இந்த இழையைப் போட்டேன். மாமா ஒருவர் "ஆக ரோப் கார் கிடையாதா?" என்று மட்டும் கேட்டார்.

பையன் இப்போது புதுசாக ஒன்று பிடித்துக்கொண்டான். மழை பெய்யும்போது போய், மதிலில் எந்த இடுக்கில் தண்ணீர் வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஐப்பசியில் வரலாமா?

18. செஞ்சிக்காரன் எழுதியது:

வாருங்கள். ஆனால் மழையில் ராஜகிரி வேண்டாம், படி பாசி பிடித்து வழுக்கும். கீழ்க்கோட்டை மதில் ஓரமாகவே நடப்போம், தண்ணீர் கசியும் இடம் எனக்கு இரண்டு மூன்று தெரியும். குடை கொண்டுவராதீர்கள், மலைக்காற்றில் நிற்காது. பையில் வாழைப்பழம் வைக்காதீர்கள், குரங்கு பையோடு போய்விடும். நேர்பேச்சு, அதே நாளில் அம்மாவையும் கூட்டி வந்தால், மழை விட்ட பிறகு செட்டிகுளக் கரையில் உட்காரலாம்.

19. நேர்பேச்சு எழுதியது:

கேட்டேன். "மழையில் எதுக்குடா, தை பிறக்கட்டும்" என்கிறார். நீங்கள் போய் வாருங்கள், நாங்கள் தையில் வருகிறோம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.